படிச்சியாடா?

மதுரையில் என் அத்தை ஒருத்தி இருக்கிறாள். எழுபத்திரண்டு வயது. எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் அதைப் படிக்காமல் விடமாட்டாள். சுண்டல் மடித்து வந்த காகிதத்தைக்கூடப் பிரித்து, எண்ணெய்க் கறைக்குத் தப்பிய வரிகளைப் படித்து முடித்த பிறகுதான் கசக்கி எறிவாள். காஸ் சிலிண்டர் ரசீதின் பின்பக்கம், மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாள், கல்யாணப் பத்திரிகையின் கீழ் மூலையில் இருக்கும் அச்சகத்தின் பெயர், எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் அவளுக்கு. தமிழ் மட்டும்தான் தெரியும். இங்கிலீஷில் இருந்தால், வீட்டுக்கு வந்த யாரையாவது பிடித்து உட்கார வைத்து, கையில் காபியைக் கொடுத்து, "இதுல என்ன போட்டிருக்கு, சொல்லிட்டுப் போ" என்பாள்.

இந்தப் பழக்கம் சும்மா வந்ததல்ல. மாமா இருந்த காலத்தில் சிநேகிதர் ஒருவருக்காகப் புரோநோட்டில் சேர்ந்து கையெழுத்துப் போட்டார். தொகை எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. "நம்ம மனுஷன்தானே, அப்புறம் எழுதிக்குவார்" என்று சொல்லிவிட்டு வந்தார். அவரும் எழுதிக்கொண்டார். வீட்டில் பாதி போயிற்று. போன பாதிக்கும் இருந்த பாதிக்கும் நடுவே எழுப்பிய சுவர், கூடத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு இன்றைக்கும் நிற்கிறது. அத்தை எதைப் படிப்பதானாலும் அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் படிப்பாள்.

அப்படிப்பட்ட அத்தையிடம் நான் ஒரு பொய் சொன்னேன். கதை எழுதிப் பிழைக்கிறவன் பொய் சொல்வது புதிதா என்று நீங்கள் கேட்கலாம். கதையில் சொல்வது பொய் என்பது வாசகருக்குத் தெரியும். இது அந்த வகையல்ல.

2021-ஆம் வருஷம். மகால் பக்கத்துத் தெருக்களில் சௌராஷ்டிரப் பெண்கள், துணியில் பொட்டுப் பொட்டாக நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்த்து எடுக்கும் சுங்குடிச் சேலைகளை அத்தை வெகு நாளாக வாங்கித் தெரிந்தவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தாள். கொரோனாக் காலத்தில் வாங்க வருகிறவர்கள் நின்றுவிட்டார்கள். முடிச்சுப் போடுகிறவர்கள் மட்டும் வந்து வாசலில் நின்றார்கள். 'இணையச் சந்தையில் போட்டால் டில்லிக்காரிகூட வாங்குவாள்' என்று பேத்தி யோசனை சொன்னாள். நான் அப்போது மதுரைக்குப் போயிருந்தேன். படித்த மருமகன் என்ற முறையில் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பான் கார்டு, வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. எண் என்று ஒவ்வொன்றாகச் செல்போனில் ஏற்றினேன். கடைசியில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. பக்கத்தில் ஒரு வரி: நிபந்தனைகளைப் படித்தேன், புரிந்துகொண்டேன், சம்மதிக்கிறேன்.

"என்னடா அது?" என்றாள் அத்தை, சுவரில் சாய்ந்தபடி.

"நிபந்தனை அத்தை. எல்லாருக்கும் இருக்கிறதுதான்."

"முழுசாப் படிச்சியாடா?"

"படிச்சேன் அத்தை."

கட்டத்தில் டிக் போட்டேன். நான் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள். சிலிண்டர் ரசீதை நம்பாதவள், என்னை நம்பினாள்.

ஒரு வருஷம் நன்றாகத்தான் போயிற்று. 2022 தீபாவளிக்கு நிறைய ஆர்டர் வந்தது. பண்டிகை முடிந்ததும் சில சேலைகள் திரும்பி வந்தன. அந்தச் சமயம் பார்த்து அத்தை பேத்தியின் பிரசவத்துக்காகத் திருச்சிக்குப் போய்விட்டாள். பக்கத்து வீட்டில் வாங்கி வைத்திருந்த பார்சல்களைப் பன்னிரண்டு நாள் கழித்து வந்து பிரித்தாள். இரண்டில் அரக்குச் சுங்குடி இருக்க வேண்டிய இடத்தில், ஓரம் தைத்த பழைய நைலான் சேலைகள் ரசக்கற்பூர வாசனையோடு இருந்தன. இன்னொன்றில் அவள் அனுப்பிய சேலையேதான். ஆனால் மடிப்பில் சந்தனம் அப்பியிருந்தது. யாரோ ஒருத்தி தீபாவளியைக் கொண்டாடிவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். சேலைகளின் விலை, போக வரத் தபால் செலவு எல்லாம் அத்தை கணக்கில் கழிந்து, ஆறாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக நஷ்டம். முடிச்சுக்காரிகளுக்கு அவள் ஏற்கனவே கூலி கொடுத்து முடித்திருந்தாள்.

நான் புகார் எழுதினேன். மறுநாளே பதில் வந்தது, மரியாதையான பதில். பார்சல் வந்த ஏழு நாளுக்குள், அதைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோவுடன் முறையிட்டிருக்க வேண்டும். இன்ன நிபந்தனையின் இன்ன உட்பிரிவு. இதற்குத் தாங்கள் சம்மதம் தெரிவித்திருக்கிறீர்கள் என்று எழுதி, சம்மதம் தெரிவித்த தேதியையும் நேரத்தையும் போட்டிருந்தார்கள். 14-8-2021, இரவு 9 மணி 12 நிமிஷம்.

அந்த நிமிஷம் என்னுடையது. அதற்கு முந்தைய பக்கத்தை 9 மணி 11 நிமிஷத்துக்குப் பூர்த்தி செய்திருந்தேன் என்பதும் அதே கடிதத்தில் இருந்தது. முப்பத்து நான்கு பக்கத்தை ஒரு நிமிஷத்தில் படித்த மகா மேதை நான்.

இனி நான் கேட்க நினைத்த கேள்விக்கு வருகிறேன். அந்தக் கட்டத்தில் டிக் போட்டபோது நான் யாரிடம் பொய் சொன்னேன்?

என் வக்கீல் நண்பர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் சிரித்தார். "பொய் என்றால் ஏமாறுகிறவன் ஒருவன் வேண்டாமா? நீ படிக்கவில்லை என்பது கம்பெனிக்குத் தெரியாதா? தெருவில் எதிரே வருகிறவன் 'சௌக்கியமா' என்று கேட்கிறான். பல்வலியோடு 'சௌக்கியம்' என்கிறோம். அது பொய்யா? இதுவும் அந்த மாதிரி ஒரு உபசார வார்த்தை."

கேட்பதற்கு நன்றாக இருந்தது. ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் அந்தச் சமாதானம் கரைந்துவிட்டது. 'சௌக்கியம்' என்று சொன்னதற்காக எவனும் பின்னொரு நாள் வந்து, 'அன்றைக்கு இத்தனை மணிக்குச் சௌக்கியம் என்றாயே, இப்போது ஆஸ்பத்திரிச் செலவு கேட்கிறாயே' என்று மடக்குவதில்லை. இந்த வார்த்தை சொல்லும்போது உபசாரம்; தகராறு வந்தால் சாசனம். சொல்கிறவனுக்கு ஒன்றாகவும் கேட்கிறவனுக்கு வேறாகவும் இருக்கிற வார்த்தையைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

நம்முடைய ஒப்பந்தச் சட்டம் 1872-இல் எழுதப்பட்டது. சம்மதம் என்றால் என்ன என்பதற்கு அதன் 13-ஆம் பிரிவு சொல்லும் விளக்கத்தை வேதாந்திகள்கூட ஒப்புக்கொள்வார்கள். இரண்டு பேர் ஒரே பொருளை ஒரே அர்த்தத்தில் ஏற்பதுதான் சம்மதம். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் என் டிக் எதிலும் சேராது. நான் மனத்தில் ஏற்றது 'சேலை விற்கும்' என்பது. அவர்கள் ஏற்றுக்கொண்டது முப்பத்து நான்கு பக்கம்.

ஆனால் சட்டமும் வாழ்க்கையோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கொடுத்துத்தான் வந்திருக்கிறது. 1877-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. ரயில் நிலையத்தில் இரண்டு பென்ஸ் கொடுத்துப் பையை வைத்துவிட்டுப் போனார் ஒருவர். பை தொலைந்தது. சீட்டின் முன்பக்கத்தில் 'பின்பக்கம் பார்க்க' என்று இருந்தது. பின்பக்கத்தில், பத்துப் பவுனுக்கு மேல் மதிப்புள்ள பொருளுக்கு நாங்கள் ஜவாப்தாரியல்ல என்று இருந்தது. அவர் பார்க்கவில்லை. அவர் படித்தாரா என்று மட்டும் கேட்டால் போதாது, அவர் கவனத்துக்கு வரும்படி கம்பெனி நியாயமான அளவுக்குச் செய்ததா என்று கேட்க வேண்டும் என்றது மேல்கோர்ட்டு. கண் இருந்த இடத்தில் எழுத்து போய்ச் சேர்ந்தால் போதும் என்று ஆயிற்று.

1934-இல் இன்னும் ஒரு படி. வேல்ஸ் கடற்கரை ஊர் ஒன்றில் சிற்றுண்டிக் கடை வைத்திருந்த ஒரு பெண், காசு போட்டால் சிகரெட் தரும் யந்திரம் ஒன்றை வாங்கினாள். யந்திரம் மக்கர் செய்தது. அவள் கையெழுத்துப் போட்ட பழுப்புக் காகிதத்தில் பொடி எழுத்தில் எல்லா உத்தரவாதமும் இல்லையென்று அடிக்கப்பட்டிருந்தது. கையெழுத்து இருக்கிறது, மோசடி இல்லை, படித்தாளா இல்லையா என்பது பொருட்டல்ல என்று தீர்ப்பாயிற்று. என் டிக் இந்தப் பெண்ணின் கையெழுத்துக்குப் பேத்தி முறை.

இங்கேயும் ஒரு வழக்கு உண்டு. அதுவும் சேலை வழக்கு என்பதால் எனக்குக் கூடுதல் பிரியம். 1966-ஆம் வருஷத்துத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. சென்னையில் ஒரு சலவைக் கடையில் போட்ட புதுச் சேலை தொலைந்து போயிற்று. பொருள் காணாமல் போனால் விலையில் ஒரு சிறு பங்கைத்தான் தருவோம் என்று ரசீதில் அச்சடித்திருந்தார்கள். இந்த மாதிரி நிபந்தனை நியாயமற்றது, பொதுநலனுக்கு விரோதமானது என்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ஒதுக்கித் தள்ளிவிட்டது. யோசித்துப் பார்த்தால், அதை ஒப்புக்கொண்டால் சலவைக் கடைக்காரர் பிடித்த சேலைகளையெல்லாம் சொற்ப விலைக்குத் தாமே 'தொலைத்து'க்கொள்ளலாமே! 1986-இல் உச்ச நீதிமன்றமும், ஒருவன் பலசாலி, மற்றவன் கோடு போட்ட இடத்தில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வழியில்லாதவன் என்றால், அக்கிரமமான நிபந்தனையை நிறைவேற்றிக்கொடுக்க மாட்டோம் என்றது. 2019-இல் வந்த நுகர்வோர் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற பெயரையே எழுதி வைத்தது. 2020-இல் வந்த இணைய வணிக விதிகள், சம்மதக் கட்டத்தில் கம்பெனியே முன்கூட்டி டிக் போட்டு வைக்கக் கூடாது என்கின்றன. வாங்குகிறவனுடைய விரல்தான் அதைத் தொட வேண்டுமாம். விரல் தொட்டதா என்று சட்டத்தால் பார்க்க முடிகிறது. கண் தொட்டதா என்று பார்க்க வழியில்லை.

"அதெல்லாம் வாங்குகிறவர்களுக்கு. உன் அத்தை விற்கிறவள். அவள் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள்" என்று வக்கீல் நண்பர் அதையும் முடித்துவிட்டார்.

கம்பெனியின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கோடிக்கணக்கான பேரோடு வியாபாரம் செய்கிறவர்கள் ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து பேரம் பேச முடியாது. எல்லோருக்கும் ஒரே காகிதம் என்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது. பெரிய முதலாளிக்கும் அதே ஏழு நாள், அத்தைக்கும் அதே ஏழு நாள். அந்த ஏழு நாளும் வீடியோவும் எப்படி வந்தன? நல்ல சேலை திரும்பி வந்திருக்க, கந்தலைக் காட்டி நஷ்டஈடு கேட்ட விற்பனைக்காரர்களால் வந்திருக்கும். நிபந்தனைகளின் ஒவ்வொரு உட்பிரிவுக்கும் பின்னால் எவனோ ஒரு அயோக்கியன் நிற்கிறான். எல்லா அயோக்கியர்களும் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வது நமக்குச் சௌகரியம்.

சௌகரியம் என்றதும் சொல்லியாக வேண்டிய ஒன்று ஞாபகம் வருகிறது. அதே தீபாவளிக்கு முந்தின மாதம், ஒரு புத்தக வெளியீட்டு விழாவுக்காக இணையச் சந்தையில் கதர் ஜிப்பா ஒன்று வாங்கினேன். விழாவுக்குப் போட்டுக்கொண்டு போனேன். தோள்பட்டை பிடித்தது. மறுநாள் 'அளவு சரியில்லை' என்று குறித்துத் திருப்பி அனுப்பினேன். மூன்றாம் நாள் பணம் வந்தது. போட்டுக்கொண்டு போனதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த ஜிப்பாவைத் தைத்து அனுப்பியவர் எந்த ஊரில் எந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு அந்தப் பார்சலைப் பிரித்தாரோ! சந்தனம் அப்பிய சேலையை அத்தை விரித்துக் காட்டியபோது, அந்தத் தெரியாத பெண்ணை நான் திட்டிய வேகத்தில் பாதி எனக்கே சேர வேண்டியது.

சரி, படித்துவிட்டுத்தான் சம்மதிப்பது என்று ஒருவன் விரதம் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் இருவர் 2008-இல் கணக்குப் போட்டார்கள். சாதாரண ஆள் ஒருவர் ஒரு வருஷத்தில் பார்க்கும் இணையத்தளங்களின் அந்தரங்கக் கொள்கைகளை மட்டும் படிப்பதானால், வருஷத்துக்குச் சுமார் 200 மணி நேரம் வேண்டுமாம். இதில் வியாபார நிபந்தனைகள் சேரவில்லை. அத்தையின் வைராக்கியம் உள்ளவர்கள்கூட இரண்டாவது வாரத்தில் அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவார்கள்.

இதை வைத்து விளையாடியவர்களும் உண்டு. 2010 ஏப்ரல் முதல் தேதியன்று, இங்கிலாந்தில் வீடியோ விளையாட்டுகள் விற்கும் கடை ஒன்று தன் நிபந்தனைகளில் ஒரு வரியைச் சேர்த்தது. வாங்குகிறவர் தமது அழியாத ஆத்மாவைக் கடைக்கு ஒப்படைக்கச் சம்மதிக்கிறார் என்று! வேண்டாம் என்று குறிப்பிட ஒரு வழியும், அப்படிக் குறிப்பிட்டால் ஐந்து பவுன் பரிசும் வைத்திருந்தார்கள். பெரும்பாலோர் கவனிக்கவே இல்லை. அன்றைக்கு 7,500 ஆத்மாக்கள் கைமாறியதாகச் செய்தி வந்தது. பிறகு 2016-இல் இரண்டு பேராசிரியர்கள், இல்லாத ஒரு சமூக வலைத்தளத்தை இருப்பதாகச் சொல்லி 543 மாணவர்களை அதில் சேரச் சொன்னார்கள். சேருவதற்குக் கட்டணமாகத் தலைப்பிள்ளையைக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் அதைக் கவனிக்கவில்லை.

நானும் முதலில் படித்தபோது சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. ஆத்மாவை எந்தக் கடைக்காரனாலும் எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் அது வேடிக்கை. ஆறாயிரம் ரூபாயை எடுத்துக்கொள்ள முடியும்.

பழைய பத்திரங்களைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர் ரேகை வைக்கும் இடத்தில், இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, புரிந்துகொண்டு, சம்மதித்து வைத்த ரேகை என்று எழுதியிருக்கும். பத்திரம் எழுதுகிறவர் உரக்கப் படிப்பார். சாட்சிகள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நிலத்தை விற்கிறவர் நடுவில் கையைக் காட்டி, "அந்தக் கிணத்துப் பங்கு என்ன ஆச்சு?" என்பார். படிப்பு நிற்கும். பேச்சு நடக்கும். அடித்து எழுதுவார்கள். கோஷாப் பெண்களின் சொத்து விஷயத்தில் அந்தக் கால நீதிமன்றங்கள் இன்னும் கண்டிப்பாக இருந்தன. ஒரு கோஷாப் பெண் பத்திரம் எழுதிக்கொடுத்தாள் என்றால், அவளுக்கு அதை விளக்கிச் சொல்லி அவளும் புரிந்துகொண்டாள் என்பதை, பத்திரத்தால் லாபம் அடைகிறவன்தான் நிரூபிக்க வேண்டும். திரைக்குப் பின்னால் இருப்பவளுக்கு உலகம் தெரியாது, அதனால் உலகம் தெரிந்தவன் மேல் அந்தப் பாரம். இன்றைக்குச் செல்போன் திரைக்கு முன்னால் நாம் எல்லோரும் கோஷாதான். பாரம் மட்டும் நம் பக்கம் வந்துவிட்டது.

படிக்கச் சொல்லிக் கேட்கும்போது, படிக்கிறவன் என்று ஒரு மனிதன் நடுவில் வருகிறான். அவன் வாய்க்குக் கேட்கிறவன் காது கட்டுப்படுகிறது. அவன் ஒரு வரியை விட்டுவிட்டால் அது கம்பெனிக்குச் செய்த துரோகமல்ல, கேட்கிறவனுக்குச் செய்த துரோகம். இங்கேதான் வக்கீல் நண்பரின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. ஏமாறுகிறவன் ஒருவன் வேண்டாமா என்றாரே, ஒருத்தி இருந்தாள். என்னெதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யந்திரத்திடம் ஆயிரம் தடவை 'படித்தேன்' என்று சொல்லிச் சொல்லி என் நாக்குக்கு அந்த வார்த்தை பழகிப்போயிருந்தது. ஆயிரத்தோராவது தடவை அத்தை கேட்டபோதும் அதே வார்த்தை தானாக வந்தது. யந்திரத்திடம் சொல்வதற்கென்று ஒரு நாக்கும் அத்தையிடம் சொல்வதற்கென்று ஒரு நாக்குமாக மனிதனுக்கு இரண்டு கிடையாதே. அந்த ஏழு நாள் விஷயம் தெரிந்திருந்தால் அத்தை பக்கத்து வீட்டுப் பையனிடம் வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டுத் திருச்சிக்குப் போயிருப்பாள். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. தெரிவதற்கு அவள் தன்னால் ஆனதைச் செய்தாள், படித்தவனிடம் கேட்டாள்.

கடிதம் வந்த மறு வாரம் மதுரைக்குப் போனேன். ஆறாயிரம் ரூபாயை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அத்தை உறையைப் பிரித்துப் பார்த்தாள்.

"இது எதுக்கு?"

"அன்னிக்கு நான் படிக்கலை அத்தை. படிச்சேன்னு சொன்னேன்."

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உறையை மடித்து என் பையிலேயே வைத்தாள்.

"பணம் வேண்டாம். அதை அச்சுப் போட்டு எடுத்துண்டு வா. இப்பப் படி."

தெருமுனைக் கடையில் முப்பத்து நான்கு பக்கத்தையும் அச்செடுத்துக்கொண்டு வந்தேன். அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். பரீட்சை எழுதிய நாளில்கூட எனக்கு அவ்வளவு வியர்த்ததில்லை. நாற்பது வார்த்தைக்குள் முடியும் வாக்கியமே கிடையாது. 'இதற்கு முரணாக வேறெங்கும் எதுவும் சொல்லப்பட்டிருந்தபோதிலும்' என்று ஆரம்பித்தால், எங்கே என்ன சொல்லியிருக்கிறது என்று பின்னால் பத்துப் பக்கம் புரட்ட வேண்டும்.

நாங்கள் விற்பவர்களும் அல்ல, வாங்குபவர்களும் அல்ல, இடம் கொடுப்பவர்கள் மட்டுமே என்ற பகுதி வந்ததும் அத்தை தலையை ஆட்டினாள்.

"சந்தைக் குத்தகைக்காரன் மாதிரி. சுங்கம் வாங்கிப்பான். மாடு பால் கறக்கலைன்னா அவன்கிட்டப் போய்க் கேக்க முடியுமா? நியாயந்தான்." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா குத்தகைக்காரன் என் காசை அவன் மடியிலே முடிஞ்சுக்க மாட்டானே. மாட்டை அவன் வண்டியிலே ஏத்திண்டு போக மாட்டானே. இவன் ரெண்டும் பண்றானே?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சட்டம் படித்தவர்கள் பல தேசங்களில் இதே கேள்வியோடு மல்லாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

வழக்கு என்று வந்தால் கம்பெனி இருக்கும் ஊர்க் கோர்ட்டில்தான் என்று ஒரு பிரிவு. "அந்த ஊருக்கு ரயில் டிக்கெட் எவ்வளவு?" என்று கேட்டாள். நீங்கள் அனுப்பும் படங்களை எங்கள் விளம்பரத்துக்கு இலவசமாக உபயோகித்துக்கொள்வோம் என்று ஒன்று. முடிச்சுக்காரி ஒருத்தி சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டிருக்கும் படம் அவளுக்கு ஞாபகம் வந்தது. "அவகிட்ட நான் கேக்கவே இல்லையேடா" என்றாள். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. அவளும் ஒரு கட்டத்தில் யாருக்காகவோ டிக் போட்டிருக்கிறாள் என்று அவளுக்கே பட்டிருக்க வேண்டும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

இருபத்து மூன்றாம் பக்கத்தில் விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. அந்தப் பக்கத்தின் கடைசிப் பிரிவைப் படித்தேன். இந்த நிபந்தனைகளை நாங்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்வோம். மாற்றிய பிறகு நீங்கள் தொடர்ந்து விற்றுவந்தால், மாற்றியவற்றுக்கும் சம்மதித்ததாகவே பொருள்.

"இன்னொரு தரம் சொல்லு."

சொன்னேன்.

அத்தை திரும்பி, சாய்ந்திருந்த சுவரைப் பார்த்தாள். கையால் அதை ஒரு தடவை தடவினாள்.

"தொகை எழுதற இடத்தைக் காலியா விட்டிருக்கான்" என்றாள்.

பிறகு என்ன செய்வது என்று கேட்டேன். கடையை மூடிவிடலாமா? முடிச்சுக்காரிகள் பதினொரு பேர் இருக்கிறார்கள் என்றாள். விரலை மடக்கி எண்ணி, பெயர்களையும் சொன்னாள். மூடுவதற்கில்லை. பார்சல் வந்தால் அன்றே பிரிப்பது, பக்கத்து வீட்டுப் பையன் வீடியோ எடுப்பது, ஊருக்குப் போனால் விற்பனையை நிறுத்தி வைத்துவிட்டுப் போவது என்று மூன்று முடிவு செய்தாள். மேசைக் காலண்டரில் எழுதியும் வைத்தாள்.

"அந்தக் கட்டத்துல 'படித்தேன்'னு இருக்கிற இடத்துல, 'படிக்கச் சொல்லிக் கேட்டேன்'னு மாத்தி எழுத முடியுமா பாரேன்."

"அதுக்கு இடம் இல்லை அத்தை."

"இன்னும் எத்தனை பக்கம் இருக்கு?"

"பதினொண்ணு."

"ஞாயித்துக்கிழமை வா. கண்ணாடியைத் துடைச்சு எடுத்துண்டு வா, இன்னிக்கு ரெண்டு இடத்துல தடுமாறினே."